பாட்டினுள் பாட்டு: இசைக் காணொளிகளில் நம் முன்னோர் குரல்

வரலாற்றைத் தேடுவோர் முதலில் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்வெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. குடுமியான்மலைக் குடைவரையின் பக்கத்தே ஏழாம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் இசைக் கல்வெட்டு ஒன்று இன்றும் உள்ளது. ஏழு பண்களுக்குரிய சுரக் கோவைகளைக் கிரந்த எழுத்திற் பொறித்து வைத்தவன், உருத்திராசாரியர் என்பாரின் மாணாக்கனாகிய ஓர் அரசன். திருமயத்திலும் இத்தகைய கல்வெட்டு ஒன்று இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் அவ்வூர்ச் சிவன் கோயிலார்க்கும் திருமால் கோயிலார்க்கும் எழுந்த வழக்கின் முடிவைப் பொறிக்க இடம் வேண்டி, அதன் பெரும்பகுதியைச் செதுக்கி நீக்கிவிட்டனர். ஒரு பாட்டின்மீது ஒரு வழக்குத் தீர்ப்பு! எஞ்சி நிற்கும் சில எழுத்துகளே அடியில் ஓர் இசை இருந்தமையைக் காட்டுகின்றன.

அரசனின் இசைக்கே இந்நிலை என்றால், நடவிலும் களத்திலும் இழவு வீட்டிலும் நம் முன்னோர் பாடியவற்றுக்கு எந்தக் கல் கிடைத்திருக்கும்? அவை வாயிலிருந்து வாய்க்குச் சென்றன. பாட்டியின் அடி பேத்தியின் பாட்டில் தங்கியது. நடவுப்பாட்டின் மெட்டு தாலாட்டில் ஒதுங்கியது. ஒப்பாரியை உற்றுக் கேட்டவர்கள் இதனை அறிவர். இழவு வீட்டில் பாடும் மூதாட்டி முற்றிலும் புதிதாக ஒன்றைக் கட்டுவதில்லை. தன் தாயும் தாயின் தாயும் பாடிய அடிகளை எடுத்து, இடையிடையே இறந்தாரின் பெயரையும் அவர் பட்ட பாட்டையும் நுழைத்துப் பாடுகிறாள். ஆதலின் ஒவ்வோர் ஒப்பாரியிலும் அதற்கு முற்பட்ட பல சாவுகளின் குரல் கலந்தே ஒலிக்கிறது. பாட்டினுள் பாட்டை வைத்துக் காப்பது நமக்கு ஏடாகவும் ஆவணமாகவும் இருந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுவது. இன்று நம் இளைஞர்கள் கைப்பேசியில் காணும் இசைக் காணொளிகளிலும் இம்மரபு தொடர்கிறது. அது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

முன்னோர் கூற்றை எடுத்தாளுதல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் கூறும் 32 உத்திகளுள், பிறன் உடன்பட்டதைத் தானும் உடன்பட்டு உரைப்பது ஒன்று. 1960-களில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த சூலியா கிறித்தேவா என்னும் அறிஞர், எந்தப் பனுவலும் பிற பனுவல்களின் இழைகளால் நெய்யப்பட்டதே என்று கூறி, அதற்கெனத் தனிப்பெயரும் இட்டார். நம் கிழவிகள் பெயரிடாமல் செய்துவந்த காரியம் அது.

ஆயினும் யார் யாரை எடுத்தாளுகிறார் என்பதில்தான் நமக்கு அக்கறை உண்டு. நந்தனார் கதையையே எடுத்துக்கொள்வோம். சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவரைச் சுருங்கச் சுட்டினார். நம்பியாண்டார் நம்பி அதனைச் சற்று வளர்த்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் திருநாளைப்போவார் புராணமாக விரித்தார். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதனைக் கீர்த்தனை நாடகமாக்கியபோது, சிதம்பரம் செல்ல விடை தராத வேதியர் என்னும் பண்ணையாரைப் புதிதாகப் படைத்துச் சேர்த்தார். பின்னர் 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றிப் பாடினர். ஒன்றன்மேல் ஒன்றாக இத்தனை நூல்கள், இத்தனை பாடல்கள்! இவற்றுள் ஒன்றேனும் நந்தன் பிறந்த சேரியிலிருந்து எழுதப்பட்டதன்று. பாரதியாரின் பண்ணையார் பாத்திரம் அக்காலத்து நிலவுடைமையின் கொடுமையை வெளிப்படுத்தியது உண்மைதான்; அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் நந்தன் தன் ஆண்டையை எவ்வாறு விளித்தான், தன் பேரனை எவ்வாறு கொஞ்சினான் என்பதை அச்சேரியின் வாய்மொழியே சொல்ல முடியும். இக்கேள்வியைப் பின்னர் மீண்டும் எடுப்போம்.

எடுத்தாளும் உரிமையை நம்மவர் தாமே கையில் எடுத்த வரலாறு அயோத்திதாசப் பண்டிதரிடம் தெளிவாகத் தெரிகிறது. 1845 முதல் 1914 வரை வாழ்ந்த அப்பெரியார், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது 'தமிழன்' என்றே வழங்கலாயிற்று. குறளையும் ஔவையாரையும் நிகண்டுகளையும் மேற்கோளாக வைத்து, அவற்றுக்குப் பௌத்த வழியில் புதுப்பொருள் கூறியவர் அவர். நம் மக்களைச் சாதிபேதமற்றவர் என்றே பதிவு செய்ய வேண்டும் என்று வாதிட்டவரும் அவரே. 2017-இன் இறுதியில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து ஓர் இசைக்குழுவை உருவாக்கியபோது, அதற்கு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயரிட்டனர். சாதியற்றோர் குழு என்னும் பொருள்படும் அப்பெயர் ஆங்கிலத்தில் இருப்பினும், அதன் வேர் பண்டிதரின் சொல்லில் உள்ளது. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ஓர் இதழின் வாதத்தை ஒரு குழுவின் பெயரே மேற்கோள் காட்டியது.

2018 சனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும் பறை, சட்டி முதலிய கருவிகளை இசைப்போருமாக 19 பேர் அதில் இருந்தனர். அவர்களுள் பெண் பாடகர் இசைவாணி ஒருவரே. வடசென்னையின் இழவு வீடுகளில் வளர்ந்த கானா மேடையேறியதும், இடஒதுக்கீடும் உணவுரிமையும் பாடுபொருளாயின. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாப் பெயரும் இத்தகையதே. மார்கழி என்றவுடன் சபாக்களின் கச்சேரிப் பருவம் நினைவுக்கு வரும். அந்த நினைவையே பற்றிக்கொண்டு, அதே மாதத்தில் மக்களுடைய இசையும் உண்டு என்று அப்பெயர் கூறிற்று.

இங்கே தோற்கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையும், அவர் மாணாக்கர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் நம் புதுக்கோட்டையின் பெருமைக்குரியோர். புதுக்கோட்டை மரபு என்றே தாளக் கலையில் ஒரு வழி வழங்குகிறது. ஆனால் மிருதங்கத்திற்குத் தோல் பதப்படுத்தி மூட்டிக் கொடுத்த கைகள் எவருடையவை என்று மேடையில் எவரும் சொன்னதில்லை. 2020-இல் டி. எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்வோரைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் ஆங்கில நூல் வெளிவந்த பிறகே இது பொதுப்பேச்சாயிற்று. பறையடித்தலைத் தீட்டு என்று ஒதுக்கியோர் மிருதங்கத்தின் தோலைத் தீட்டென்று எண்ணாதது விந்தைதான்!

உலகின் பிற பகுதிகளிலும் ஒடுக்கப்பட்டோர் இவ்வழியைக் கைக்கொண்டுள்ளனர். 1973-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளின் ஒரு துணுக்கை மட்டும் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதன்மீது பேசியும் பாடியும் ஹிப்-ஹாப் இசையை வளர்த்தனர். பிறர் பாட்டின் துண்டு ஒன்றை நட்டுவைத்து அதன்மேல் தம் சொல்லைப் படரவிடும் முறை அது. 2018-இல் சைல்டிஷ் காம்பினோ வெளியிட்ட 'திஸ் இஸ் அமெரிக்கா' என்னும் காணொளியில், அவர் உடலை வளைத்துத் துப்பாக்கி நீட்டி நிற்கும் கோலம் 19-ஆம் நூற்றாண்டின் 'ஜிம் க்ரோ' படத்தை நினைவூட்டுவதைப் பலரும் சுட்டிக்காட்டினர். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பரை எள்ளி நகையாடிய கூத்தின் படம் அது. வசையாக வரையப்பட்டதை எடுத்து வரைந்தவர்க்கே திருப்பிக் காட்டிய செயல் எனலாம். இந்த உறவு நமக்கும் பழையது. 1966-இல் அமெரிக்காவில் தோன்றிய கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் பெயரை ஒட்டித்தானே 1972-இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே. வி. பவாரும் ராஜா தாலேயும் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைக் கண்டனர்!

நிறமும் மேற்கோளாக வரும். 2018-இல் வெளிவந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில், 'நான் யார்' என்னும் பாடற்காட்சியில் நாயகன் உடலெங்கும் நீலம் பூசித் தோன்றுகிறான். 1942-இல் அண்ணல் அம்பேத்கர் அமைத்த பட்டியல் சாதியார் கூட்டமைப்பின் கொடி நிறம் அறிந்தவர்க்கு அந்நீலம் சொல்லாமலே பேசும். அறியாதவர்க்கு அது வெறும் வண்ணம். அதே படத்தில், தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கொல்லப்பட்ட வேட்டை நாய்க்குப் பாடப்படும் 'கருப்பி' பாட்டு, மனிதர்க்குரிய ஒப்பாரியின் வடிவை ஒரு நாய்க்கு அளித்தது. கேட்போர் உள்ளம் நாயைக் கடந்து எங்கெங்கோ செல்வதற்கு அவ்வடிவமே காரணம். 2021-இல் 'கர்ணன்' படத்திற்காக வந்த 'பண்டாரத்தி புராணம்' என்னும் பாட்டு, புராணம் என்ற பெயரைச் சாமானியப் பெண் ஒருத்திக்குச் சூட்டியது. எதிர்ப்பு எழுந்ததும் பெயர் 'மஞ்சனத்தி புராணம்' என்று மாற்றப்பட்டது. ஒரு பெயரைச் சுட்டுவது எத்துணைக் கூர்மையான செயல் என்பது இதனால் விளங்கும். கீழ்வெண்மணி, மேலவளவு என்று ஊர்ப்பெயரை மட்டும் ஒருவர் பாட்டில் வைத்தால் போதும். 1968-உம் 1997-உம் உடன் வந்து நிற்கும். 2022 டிசம்பருக்குப் பின் நம் மாவட்டத்து வேங்கைவயலும் அவ்வாறே ஆயிற்று. குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்த செய்தியை அறிந்த எவர்க்கும், அவ்வூர்ப் பெயருக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இனி நாம் தலையாயதாகக் கருதும் காணொளிக்கு வருவோம். 2021 மார்ச்சு 7-ஆம் நாள், ஏ. ஆர். ரகுமானின் ஆதரவுடன் தொடங்கப்பெற்ற மாஜா நிறுவனத்தின் வழியே 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. அறிவு எழுத, தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில், அமித் கிருஷ்ணனின் இயக்கத்தில் அமைந்த படைப்பு அது. உலகெங்கும் பல கோடி முறை காணப்பட்டது. துள்ளலான ஆட்டப்பாட்டாகவே அதைப் பலர் கொண்டாடினர். அதன் அடியில் ஓடுவது நம் மாவட்டமும் அறிந்த ஒரு பயண வரலாறு. அதனை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

அரக்கோணத்துக்காரராகிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களை இட்டனர். 1869 முதல் இலைநோயால் காப்பி அழிய, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அத்தோட்டங்களுக்குத் தேவையான ஆட்களைக் கங்காணிகள் திரட்டிச் சென்ற பகுதிகளுள் திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களோடு நம் புதுக்கோட்டைச் சமஸ்தானமும் ஒன்று. மழை பொய்த்து நிலமும் இல்லாத குடும்பங்கள் கடற்கரை வரை நடந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மீண்டும் மலைக்கு நடந்தன. வழியில் வாந்திபேதிக்கு இரையானோர் பலர். சென்றவருள் கணிசமானோர் நம் சமுதாயத்தார். கடலைக் கடந்தால் சாதி கரையும் என்று எண்ணியிருக்கலாம். தோட்டத்து லயங்களிலும் அது உடன் வந்தது.

1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாடு ஏற்பட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் கணக்கிட்டனர். 1974-இல் அவ்வெச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். மக்களைத் தானியம்போல் அளந்து பங்கிட்ட கணக்கு அது! தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியே வந்தோரை 'தாயகம் திரும்பியோர்' என்று ஏடுகள் எழுதின. அவருட் பலருக்கு அது ஒருநாளும் கண்டிராத தாயகம். சிலர் நீலகிரியில் 1968-இல் தொடங்கப்பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மீண்டும் கொழுந்து பறிக்கச் சென்றனர். ஏனையோர் கிடைத்த கூலிக்குக் கிடைத்த ஊரில் தங்கினர்.

அவர்கள் கொண்டுவந்த உடைமைகளுள் பாட்டும் ஒன்று. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே வழங்கிய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அங்கேயே திரட்டி வைத்தார். திரட்டப்படாதவை வள்ளியம்மாள் போன்றோரின் நாவில் வந்து சேர்ந்தன. அறிவின் பாட்டில் ஒப்பாரியின் அடுக்கும், பாட்டனும் பூட்டனும் காத்த மண்ணைப் பற்றிய நினைவும், உழைத்து வளர்த்த தோட்டத்தின் பயன் உழைத்தவர்க்குக் கிட்டாத குறையும் இடம்பெறுவது இவ்வழியால்தான்.

அப்பெயரையே பாருங்கள். 'என் சாமி' என்பது 'எஞ்சாமி' ஆயிற்று. நிலமற்ற கூலிக்காரன் பண்ணையாரைக் கைகட்டி விளித்த சொல் அது. அதே சொல்லால் கிழவி தன் பேரனையும் மடியிலிருத்திக் கொஞ்சினாள். பகலில் வரப்பில் அடிமைச்சொல்லாயிருந்தது இரவில் குடிசைக்குள் அன்புச்சொல்லாயிற்று. பண்ணையாரின் காதில் ஒருநாளும் விழாத பொருளை அதற்கு நம் மூதாட்டிகள் வைத்திருந்தனர். நந்தன் சேரியின் வாய்மொழி எங்கே என்று முன்பு கேட்டோம். இத்தகைய சொல் ஒன்றில் அதன் எச்சத்தைக் காணலாம். இச்சொல்லுக்கு அருகே ஆங்கிலச் சொல்லை ஒலியொப்புமையால் வைத்து, மகிழ்ந்திரு என் சாமி என்று பாட்டி பேரனுக்குச் சொல்வதாகப் பாட்டு மாற்றிக்கொண்டது. ஆங்கிலக் கலப்பு என்று முகம் சுளிப்போர் உண்டு. தோட்டத்துரையின் மொழியைத் தோட்டக்காரியின் பேரன் தன் விருப்பம்போல் வளைப்பதில் குறைகாண நமக்கு மனம் வரவில்லை. இதே கவிஞர் 2019-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயர் 'தெருக்குரல்'. திருக்குறளை ஒலியால் சுட்டி, அதே வேளையில் தெருவின் குரலையும் முன்வைத்த பெயர் அது. மூவெழுத்து மாற்றத்தில் இத்துணைப் பொருள்!

காட்சிகளிலும் எடுத்தாளுதல் நிகழ்கிறது. அரண்மனையில் இருக்கவேண்டிய அரியணை இங்கே வெட்டவெளியில், மண்மீது இடப்பட்டிருக்கிறது. நம் மக்களையொத்த முகங்கள் அணிகலன்களோடு அரச கோலத்தில் நம்மை நேர்நோக்குகின்றன. சமஸ்தான மன்னர்களின் பழைய நிழற்படங்களைப் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் கண்டவர்கள் அந்த அமர்வை உடனே அறிந்துகொள்வர். அரசர் தம்மைப் படமெடுப்பித்துக்கொண்ட முறையை எடுத்து, படமே எடுக்கப்படாதவர்க்கு அளித்திருக்கின்றனர். நம் வீடுகளில் பூட்டன் பூட்டியர் படம் எத்தனை பேரிடம் உண்டு? அந்த வெற்றிடத்தையே காணொளி நிரப்ப முயல்கிறது.

நம் மாவட்டத்தில் பாட்டைக் கருவியாகக் கொண்ட இயக்கம் முன்னரும் நடந்துள்ளது. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் கல்லுடைக்கும் பெண்களும் கூலிப்பெண்களும் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். அதற்கென முத்து பாஸ்கரன் இயற்றிய மிதிவண்டிப் பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. அன்று ஒலித்தது நாவிலும் மேடையிலும், இன்று திரையில். இந்த மாற்றத்தால் ஒரு புதுச்சிக்கலும் விளைந்திருக்கிறது.

நாவில் வாழ்ந்த பாட்டுக்கு உடைமையாளர் இல்லை. திரையில் வந்த பாட்டுக்கு உண்டு. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் இப்பாட்டைக் குறிப்பிட்டு அட்டைப்படம் வெளியிட்டபோது, அதில் தீயும், வேறொரு பாடலுக்காக ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர். எழுதிப் பாடிய அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் வினா எழுப்பிய பின், அறிவின் படத்துடன் தனி அட்டை ஒன்று வந்தது. 2022 சூலை 28-இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவிலும் இப்பாட்டு அறிவு இன்றியே பாடப்பட்டது. மெட்டும் சொல்லும் தம் உழைப்பே என்று அவர் எழுதினார். பாட்டு மூவரின் கூட்டுப்படைப்பு என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் விடையிறுத்தனர். 2024-இல் சந்தோஷ் நாராயணன், இப்பாட்டால் தமக்கு அதுவரை வருவாய் ஏதும் கிட்டவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். இவருள் யார் பக்கம் எத்துணை நியாயம் என்று தீர்ப்புரைப்பது நம் பணியன்று. ஆனால் ஒன்று நமக்குத் தெளிவு. மெட்டுக்கு உரியவர், சொல்லுக்கு உரியவர், ஒலிப்பதிவுக்கு உரியவர் என்று பதிப்புரிமை பிரித்தெழுதும் தாளில், அச்சொற்களையும் அவ்வொப்பாரியையும் தலைமுறைதோறும் காத்துவந்த கிழவிகளுக்கென ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை.

2024-இல் அறிவு தம் அடுத்த இசைத்தொகுப்பின் முதற்பகுதியை வெளியிட்டார். பன்னிரு பாடல்கள் கொண்ட அதன் அட்டையில் அவர் இட்ட பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.